மஞ்சள் பிள்ளையாரும் கறுப்பு ஓட்டையும்

போன வாரம் காலை நடை முடிந்து தேக்கா சந்தையில் தே குடித்துக்கொண்டிருந்தோமே, அப்போது நம்மில் ஒருவர் போனை நீட்டி ஒரு படம் காட்டினார். நடுவில் இருட்டு, சுற்றிலும் ஆரஞ்சு நிற வளையம். கருந்துளையாம். "என்னாங்க இது, கருகிப்போன உளுந்து வடை மாதிரி இருக்கு" என்றார் இன்னொருவர். எல்லாரும் சிரித்தீர்கள். நானும்தான் சிரித்தேன். பிறகு நான் வாய் ஓயாமல் அதைப் பற்றியே பேசப் போக, "முப்பத்தஞ்சு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவளுக்கு வானத்துக் கதையெல்லாம் எப்படித் தெரியும்?" என்று கேட்டீர்கள்.

பதில் சொல்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது, ஆளுக்கொரு பக்கம் ஓடிவிட்டோம். அதனால்தான் எழுதுகிறேன். நம் வயதுக்காரர்களுக்குத்தான் இது சட்டென்று பிடிபடும். குப்பை போடச் சமையலறைச் சுவரிலேயே ஓட்டை இருந்த அடுக்குமாடி வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் நான் கொஞ்சம் பீற்றிக்கொள்வேன். எனக்குப் பீற்றிக்கொள்ள இருப்பது இது ஒன்றுதான், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. தொடக்கப்பள்ளித் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த நீண்ட விடுமுறை. மழைக்காலம். மூங்கில் கழியில் நீட்டிய துணிகளை ஒரு நாளைக்கு நாலு தடவை உள்ளே இழுத்து, நாலு தடவை வெளியே விடுவோம். வீடு குவீன்ஸ்டவுனில், எட்டாம் மாடி. லிஃப்ட் ஐந்திலும் ஒன்பதிலும்தான் நிற்கும். ஒன்பதில் இறங்கி ஒரு மாடி கீழே நடக்க வேண்டும். அப்பாவுக்குக் கப்பல் பட்டறையில் வேலை. கப்பலின் பக்கவாட்டில் சாரம் கட்டி, அதில் ஏறி நின்று இரும்பைப் பற்றவைப்பார். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, தேக்காவில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தார். அவரும் எங்களோடுதான். அந்த வருஷம் அவருக்கு ஊரில் கல்யாணம் முடித்துப் புதுச் சித்தியைச் சிங்கப்பூருக்குக் கூட்டி வந்திருந்தார்கள். சித்தி வந்து நாலு மாதம் ஆகியிருந்தது.

சித்திக்கு இருபது வயது இருக்கும். ஐந்தாவது வரை படித்தவர். பெரியவர்கள் இருக்கும்போது அவர் குரலே கேட்காது. இருக்கிறாரா இல்லையா என்று எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் நானும் அவரும் தனியாக இருந்தால் போதும், ஒரே கேள்விதான். "பாப்பா, இங்க தெரியிற நிலாவும் எங்க ஊரு நிலாவும் ஒண்ணுதானா?" "லிஃப்ட்டு மேல கிளம்புறப்ப வயிறு மட்டும் ஏன் கீழ தங்குது?" "சாம்பிராணிப் புகை கூரை வரைக்கும் போவுது, அப்புறம் காணோமே, எங்க போவுது?" தெரியாது என்று சொல்ல எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. "நாளைக்குச் சொல்றேன் சித்தி" என்று சொல்லிவிட்டு, மறுநாள் குடையைப் பிடித்துக்கொண்டு நூலகத்துக்கு ஓடுவேன்.

அங்கே அகலமான, கனமான, படம் போட்ட ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருந்தது. சிறுவர்களுக்கான அண்டத்துப் புத்தகம். தவணை முடிந்ததும் திருப்பிக் கொடுத்து, அதே கையோடு மறுபடி எடுத்துவிடுவேன். சித்தி சின்ன வெங்காயம் உரிக்க, நான் எதிரே உட்கார்ந்து, படித்ததைத் தமிழில் சொல்லுவேன். பொருள் எதுவும் இல்லாமல் போவதில்லை, புதிதாக முளைப்பதும் இல்லை, உருவம்தான் மாறுகிறது என்று ஒரு பக்கம். சித்திக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. "அப்ப சாம்பிராணி இங்கதான் சுத்திக்கிட்டு இருக்கு" என்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்.

இன்னொரு பக்கத்தில் கருந்துளை. அந்த அழகான சொல் அப்போது எனக்குத் தெரியாது. 'கறுப்பு ஓட்டை' என்றேன். வெளிச்சம்கூட உள்ளே போனால் திரும்பாது என்றேன். சித்தி திரும்பிச் சமையலறைச் சுவரைப் பார்த்தார்.

அந்தச் சுவரில்தான் நம் எல்லார் வீட்டிலும் இருந்த அந்த இரும்பு மூடி. இழுத்தால் வாய் திறக்கும், ஒரு நாற்றம் முகத்தில் அடிக்கும், இரண்டு கரப்பான்பூச்சி எட்டிப் பார்க்கும். குப்பையைப் போட்டு மூடினால் எட்டு மாடி தாண்டிக் கீழே தொட்டியில் போய் விழும். சித்தி வந்த முதல் நாளே அம்மா அதைத் திறந்து காட்டி, "எல்லாத்தையும் இதுல போட்டுடு, கீழ போயிடும், நமக்குக் கவலை இல்ல" என்று சொல்லியிருந்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன், என் காதால் கேட்டேன். சித்தி ஒவ்வொரு முறையும் போட்டுவிட்டு, 'தொப்' என்று சத்தம் வரும்வரை மூடியில் காதை வைத்துக் கேட்பார்.

"இது மாதிரிதானா அந்தக் கறுப்பு ஓட்டையும்?"

"ஆமா சித்தி, இது மாதிரிதான்."

"அப்ப அதுக்குக் கீழ்ப் பக்கம் தொட்டி இருக்கணுமே? ஒண்ணும் இல்லாமப் போவாதுன்னா, உள்ள போனது எங்க போய்ச் சேருது?"

இன்றைக்கும் பெரிய பெரிய படிப்பாளிகள் இதைக் கேட்டுத்தான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்களாம். வெங்காயம் உரித்தபடி என் சித்தி கேட்டுவிட்டார், தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தச் சந்தோஷமெல்லாம் ஒரு திங்கட்கிழமையோடு நின்றது.

அன்று ராகு காலம் கழிந்ததும் அம்மா தாலிக் கயிறு மாற்ற உட்கார்ந்தார். பழைய மஞ்சள் கயிறு நைந்துபோனால் தாலியையும் குண்டுகளையும் கழற்றிப் புதுக் கயிற்றில் கோப்பார்கள். அதுவரை கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாதென்று ஒரு மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கட்டிப் போட்டுக்கொள்வார்கள். உங்களில் பாதிப் பேருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவுடையது பொட்டுத் தாலி. சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிது. கெட்டித் தங்கம். உள்ளங்கையில் வைத்தால் அந்த அளவுக்கு இத்தனை கனமா என்று தோன்றும்.

தரையில் நாளிதழ் விரித்து, மேலே பித்தளைத் தாம்பாளம். அதில் கொழகொழவென்று குழைத்த மஞ்சள். அம்மா ஒவ்வொன்றாக மஞ்சள் பூசிக்கொண்டிருந்தபோது, வெற்றிலை துடைத்துக்கொண்டிருந்த சித்தி மெல்லக் கேட்டார். "அக்கா, பிள்ளையார் பிடிக்கலையே?"

அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். எந்தக் காரியத்துக்கும் முதலில் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைக்க வேண்டும், அன்றைக்கு எப்படியோ மறந்துவிட்டது. பதற்றத்தில் ஒரு பிடி பிடித்து, வெற்றிலையில் உட்கார வைத்து, குங்குமம் இட்டு, சாமி மாடத்தில் வைத்தார். கன்னத்தில் போட்டுக்கொள்வதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிட்டது. அம்மா சமையலறைக்கு ஓடினார். அடுப்பைத் துடைத்து, பாத்திரத்தை மாற்றி அவர் திரும்பி வருவதற்குள், உதவி செய்கிறேன் என்று சித்தி தாம்பாளத்தை நகர்த்திவிட்டு நாளிதழைச் சுருட்டிவிட்டிருந்தார். பழைய கயிறு, பூக்காம்பு, வெற்றிலை நுனி எல்லாவற்றையும் உள்ளே வைத்து வாழைநாரால் கட்டி, சுவர் ஓட்டையில் போட்டுவிட்டார்.

அம்மா உட்கார்ந்து கோக்க ஆரம்பித்தார். குண்டு இருக்கிறது. தாலியைக் காணோம்.

"பேப்பர் மேலதானே வச்சேன்! பேப்பர் எங்கடி?"

சித்தி சுவரைக் காட்டினார்.

அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுச் சீன அம்மா கையில் கரண்டியோடு ஓடி வந்துவிட்டார். இரண்டு குற்றம். தாலி போனது ஒன்று. ஒரு வருஷம் கழுத்தில் கிடந்த கயிற்றை மீன் முள்ளோடு குப்பையில் போட்டது இன்னொன்று. எங்கள் வீட்டில் சாமிப் பூவையும் பழைய கயிற்றையும் பையில் போட்டு எடுத்துப்போய் மரத்தடியில் வைப்பதுதான் வழக்கம். அதை யாரும் சித்தியிடம் சொல்லவில்லை. 'எல்லாத்தையும் இதுல போட்டுடு' என்று சொன்னதுதான் நடந்தது. எனக்கு அது ஞாபகம் இருந்தது, அம்மாவுக்கு இல்லை. சொல்ல வாயெடுத்தேன். "நீ சும்மா இரு" என்றார்கள். இருந்துவிட்டேன்.

ஆனால் ஒன்றும் இல்லாமல் போகாது அல்லவா? சித்தியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே போனேன். தரைத்தளத்தில் குப்பை அறை. அங்கே ரப்பர் பூட்சு போட்ட ஒரு தமிழர் தொட்டியை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். நான் மூச்சுவிடாமல் விஷயத்தைச் சொன்னேன்.

"மேலேர்ந்து வுழுறதெல்லாம் கீழ வந்துதான் பாப்பா ஆவணும். நடுவுல இறங்கிப்போக அதுக்கென்ன ஸ்டேஷனா இருக்கு?" என்று சொல்லி, ஒரு பழைய சாக்கை விரித்து அதன்மேல் தொட்டியையே கவிழ்த்தார். அத்தனை மாடிக் குடித்தனமும் அங்கே கிடந்தது. இறால் தோல், பிஞ்சுபோன செருப்பு, தலையில்லாத பொம்மை, மண்ணெண்ணெய் வாடை. சித்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு குச்சியால் கிளறினார். பத்து நிமிடத்தில் அகப்பட்டது, வாழைநார் கட்டிய பொட்டலம். சித்தி போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. நானே அவிழ்த்தேன். கயிறு இருந்தது, காம்பு இருந்தது, வெற்றிலை நுனி இருந்தது. தாலி இல்லை.

நான் குதித்தேன். அப்படியென்றால் தாலி ஓட்டைக்குள் போகவே இல்லை! சித்திமேல் பழியே இல்லை! லிஃப்டுக்குக் காத்திராமல் எட்டு மாடியும் ஏறி ஓடி, "அம்மா, கட்டு அவுரவே இல்ல, உள்ள தாலியே இல்ல!" என்று கத்தினேன்.

கடையிலிருந்து ஆள்விட்டு வரவழைத்த சித்தப்பா வாசலில் நின்றிருந்தார். அவர் பார்வை என்னைத் தாண்டி, மூச்சிரைக்க வந்து நின்ற சித்திமேல் போனது.

"அப்ப எடுத்தது யாரு?" என்றார்.

நான் செய்த காரியம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. கவனக்குறைவு என்றிருந்த பழியைத் திருட்டாக்கிவிட்டேன். நல்லது செய்யப்போய் நாசமாக்கினேன், வேறென்ன சொல்ல.

அப்பா சாயங்காலம் வந்தார். கேட்டார், தலையில் கை வைத்து உட்கார்ந்தார், ஒன்றும் சொல்லவில்லை. தாலி கிடைக்கிறவரை சாரத்தில் ஏறக் கூடாது என்று அம்மா அவரைக் கைப்பிடித்து நிறுத்திவிட்டார். அம்மாவின் பயம் நிஜமான பயம், அதை இன்று குறை சொல்ல மாட்டேன். ஆனால் அப்பா? ஒரு வார்த்தை, "இந்தப் புள்ள எடுத்திருக்காது" என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் அன்றே பாதி முடிந்திருக்கும். பேசாமல் இருப்பதைப் பெருந்தன்மை என்று அவர் நினைத்தார். அது பெருந்தன்மை இல்லை, அப்பா.

செவ்வாய்க்கிழமை சித்தப்பா கப்பல் டிக்கெட்டோடு வந்தார். நாகப்பட்டினத்துக்கு வெள்ளிக்கிழமை கப்பல். "அண்ணி கழுத்துல கிழங்கைக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க. இவளை வச்சுக்கிட்டு அவங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்? போயி அவ அப்பன் வீட்டுல இருக்கட்டும்." சித்தி எடுக்கவில்லை என்று ஒரே ஒரு முறை சொன்னார். பிறகு சொல்லவில்லை. பெட்டியைக் கட்டச் சொன்னபோது அசையாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். சித்தப்பாவே தகரப்பெட்டியை இறக்கி, அவர் புடவைகளை அள்ளி உள்ளே போட்டுப் பூட்டினார்.

அப்படிப் போனால் திரும்பி வருவது ஏது? திருட்டுப் பட்டத்தோடு கப்பலிறங்கும் பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும் என்பது எனக்கே தெரியும். எனக்கு இருந்தது மூன்று நாள்.

அம்மா பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டார். மஞ்சள் பிள்ளையாரை மறுநாளே தண்ணீரில் கரைத்து அனுப்பிவிடுவதுதான் முறை. "என் தாலியக் காட்டுற வரைக்கும் உன்னை அனுப்ப மாட்டேன்" என்று அவரை மாடத்திலேயே நிறுத்திவைத்தார். புதன்கிழமை பார்த்தால் பிள்ளையார் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தார். அம்மா நிமிர்த்தி வைத்தார். மத்தியானம் மறுபடி சாய்வு. "பாருங்க, சாமியே மூஞ்சியத் திருப்பிக்குது, வீட்டுல பொய் இருக்கு" என்று அம்மா அழுதார். சித்தப்பா பல்லைக் கடித்தார். சித்தி அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் பள்ளிக்கூட நோட்டில் ஒரு பட்டியல் போட்டேன். வீட்டைவிட்டுப் பொருள் வெளியே போக எத்தனை வழி? வாசல். சன்னல். சுவர் ஓட்டை. பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாய். அம்மா பால் துடைத்த துணி. ஒவ்வொன்றாகப் பார்த்து அடித்துக்கொண்டே வந்தேன். குழாய் வளைவைக் கழற்றிக் காட்டச் சொல்லி அப்பாவை நச்சரித்தேன், கழற்றினார், சோற்றுப் பருக்கைதான் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. கடைசி வரியில் 'சித்தி' என்றும் எழுதினேன். எழுதியதும் வெட்கமாகப் போய் ரப்பரால் அழித்தேன். தாளில் தடம் அப்படியே தெரிந்தது.

சித்தி நோட்டை எடுத்துப் பார்த்தார். அந்தத் தடத்தை விரலால் தடவினார்.

"எழுதினது சரிதான் பாப்பா. எல்லாத்தையும்தானே எழுதணும்? அழிக்காத."

நான் அழுதுவிட்டேன். சித்தி அழவில்லை. பேச்சை மாற்றவோ என்னவோ, வழக்கம்போல் ஒரு கேள்வி கேட்டார். "அந்தக் கறுப்பு ஓட்டையிலேர்ந்து வெளிச்சமே வராதுன்னியே. கண்ணுக்கே தெரியாதுன்னா, அது அங்க இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

எனக்குத் தெரியவில்லை. வியாழக்கிழமை கொட்டுகிற மழையில் நூலகத்துக்குப் போனேன். சித்தி போவதற்குள் இதற்காவது பதில் சொல்லிவிட வேண்டும் என்ற வெறி. அங்கிருந்த சீன மேடம் என் சொட்டும் பாவாடையைப் பார்த்து ஒரு துண்டு கொடுத்தார், பெரியவர்கள் பகுதியிலிருந்து ஒரு புத்தகமும் எடுத்துத் தந்தார். எழுத்து பொடி, பாதி புரியவில்லை. ஆனால் படம் புரிந்தது. பெரிய பிரகாசமான நட்சத்திரம் ஒன்று. பக்கத்தில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் அந்த நட்சத்திரம் நேராக நிற்காமல் ஆடுகிறது. ஏதோ அதை இழுக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கனமான ஒன்று பக்கத்தில் இருந்தால்தான் அப்படி ஆட முடியும். கறுப்பு ஓட்டையை யாரும் பார்க்கவில்லை, பக்கத்தில் இருப்பது தள்ளாடுவதை வைத்துத்தான் பிடித்திருக்கிறார்கள்.

ஈரத்தோடு வீட்டுக்கு வந்தேன். அம்மா படுத்திருந்தார். மாடத்தில் பிள்ளையார் மறுபடி சாய்ந்திருந்தார்.

இவரும் தள்ளாடுகிறாரே! மனசுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கழுவாத கையாலேயே பிள்ளையாரைத் தூக்கினேன். வெற்றிலை வாடிச் சுருண்டதால் சாய்கிறாரோ? வெற்றிலையை எடுத்துவிட்டுச் சமதளமான எவர்சில்வர் தட்டில் வைத்தேன். மெதுவாகச் சாய்ந்தார். மாடம் சரிவோ? தட்டைத் தரைக்குக் கொண்டுவந்தேன். சாய்ந்தார். குங்குமம் இருக்கும் பக்கம்தான் முகம். முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பினேன், இடது தோள் பக்கம் சாய்ந்தார். சுவர் பக்கம் திருப்பினேன், அப்போதும் இடது தோள்தான். எப்படித் திருப்பினாலும் இடது தோள். கோணல் வீட்டிலும் இல்லை, வீட்டு மனுஷர்களிலும் இல்லை. பிள்ளையார் வயிற்றுக்குள் ஏதோ இருந்தது.

ஓடிப்போய்ச் சித்தியிடம் சொன்னேன். சித்தி கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது, உடனே அணைந்தது. "வேணாம் பாப்பா. சாமிய உடைச்சுப் பார்த்து ஒண்ணும் இல்லேன்னா? நான்தான் உன்னை ஏவிவிட்டேன்பாங்க." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. என் கண்டுபிடிப்பால் ஏற்கெனவே ஒருமுறை அவர் திருடியாகியிருந்தார். வாயை மூடிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை. தகரப்பெட்டி வாசலில். கீழே டாக்சி வந்து ஹாரன் அடித்தது. அப்பா நாற்காலியில், அம்மா மாடத்துக்குப் பக்கத்தில், கழுத்தில் கிழங்கோடு. பக்கத்து வீட்டுச் சீன அம்மா கதவோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சித்தப்பா பெட்டியைத் தூக்கக் குனிந்தார்.

"தாலி பிள்ளையாருக்குள்ள இருக்கு!"

நான்தான் கத்தினேன். எல்லாரும் திரும்பினார்கள். படபடவென்று கொட்டிவிட்டேன். நட்சத்திரம், தள்ளாட்டம், தட்டு, இடது தோள் எல்லாம். பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். யாருக்கு என்ன புரிந்ததோ.

"பைத்தியமாடி உனக்கு? சாமியப் பிட்டுப் பார்க்கணுமா?" அம்மா கையை ஓங்கிவிட்டார்.

"பிட்க வேணாக்கா." சித்தியின் குரல். அந்த வீட்டில் பெரியவர்கள் முன்னால் அத்தனை தெளிவாக அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. "தண்ணியில கரைச்சு அனுப்பலாம். அனுப்ப வேண்டியவருதானே?"

"வெள்ளிக்கிழமை பிள்ளையாரைக் கரைக்கிறதாவது! கூடாது!"

"வீட்டுக்கு வந்த மருமவளை வெள்ளிக்கிழமையில அனுப்பலாம். பிள்ளையாரை மட்டும் அனுப்பக் கூடாதாக்கா?"

கீழே ஹாரன் இன்னொரு முறை அடித்தது. அப்பா எழுந்தார். நாலு நாளாக வாய் திறக்காத மனுஷன் என் முன்னால் வந்து குனிந்து, "நிச்சயமா?" என்று கேட்டார்.

இல்லையென்றால்? சாமியும் போய், சித்தியும் போய், என் புத்தகமும் பொய்யாகிவிடும். "நிச்சயம்பா" என்றேன்.

அவரே பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் கொண்டுவந்து நடுக்கூடத்தில் வைத்தார். அம்மா தடுக்கவில்லை. பிள்ளையாரை எடுத்து, கண்ணில் ஒற்றி, தண்ணீரில் உட்கார வைத்தார். காய்ந்த மஞ்சள் இலேசில் கரையவில்லை. சின்னச் சின்னக் குமிழி வந்தது. உச்சி முதலில் நெகிழ்ந்தது. பிறகு தோள். தண்ணீர் மஞ்சளாகி, கெட்டியாகி, உள்ளே ஒன்றுமே தெரியவில்லை. மஞ்சளுக்குள் மஞ்சள், எங்கே பார்ப்பது? ஐந்து தலையும் தாம்பாளத்தின்மேல் கவிழ்ந்திருந்தன. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதனால் எல்லாருக்கும் முன்னால் நான்தான் கேட்டேன்.

'டிக்.'

பித்தளையில் தங்கம் பட்ட சத்தம். அப்பா கையை விட்டுத் துழாவி வெளியே எடுத்தார். விரல் நுனியில் அம்மாவின் பொட்டுத் தாலி, மஞ்சள் வழிய.

சொல்லுங்கள், நான் பீற்றிக்கொள்ளக் கூடாதா? பன்னிரண்டு வயதில், டெலஸ்கோப் இல்லாமல், கண்ணுக்குத் தெரியாததைக் கனத்தை வைத்தே பிடித்தேன்! நான் ஆடிய ஆட்டத்தில் கீழ்வீட்டுக்காரர் கழியால் கூரையை இடித்தார். சீன அம்மாவுக்கு விஷயம் முழுதாகப் புரியவில்லை, ஆனாலும் அவரும் கைதட்டினார்.

அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கைதான். அவசரத்துல மஞ்சளோட சேர்த்து நான்தான் அள்ளிப் பிடிச்சிருக்கேன். பேப்பர் மேல வச்சேன்னு சாதிச்சேனே." பிறகு சித்தியின் இரண்டு கையையும் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு, வாய்விட்டு, ஓவென்று அழுதார். "என்னை மன்னிச்சிடு தாயி" என்றார். வயதில் மூத்தவர், அப்படிச் சொன்னார். சித்திக்கும் அப்போதுதான் கண் கலங்கியது. அம்மாவின் தாலியை அன்று புதுக் கயிற்றில் கோத்துக் கட்டிவிட்டது சித்திதான். நான் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

சித்தப்பா எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றார். டாக்சி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. "நான் போயி அவனை அனுப்பிட்டு வர்றேன்" என்று செருப்பை மாட்டினார். போனால் போதும் என்றிருந்தது அவருக்கு.

"நில்லுங்க. எனக்கு வந்த வண்டி. நானே சொல்றேன்."

சித்தி கூந்தலை முடிந்துகொண்டு வெளியே நடந்தார். நடைபாதைச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, எட்டாம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, பக்கத்து வீட்டுச் சீன அம்மாவிடம் பொறுக்கிய பசார் மலாயில், அந்தக் கடைத்தெரு மலாயில், கத்தினார்.

"தா பிகி! தா பிகி லா!"

போகவில்லை, போகவே இல்லை என்று அந்தக் குரல் எதிர் புளோக்கில் மோதித் திரும்பி வந்தது. மேல்மாடியிலும் கீழ்மாடியிலும் தலைகள் நீண்டன. கீழே டாக்சிக்காரர் கையை உதறி ஏதோ திட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

சித்தி உள்ளே வந்தார். சித்தப்பா இதமாக, "சரி, பெட்டிய உள்ள எடுத்து வை" என்றார்.

சித்தி பெட்டியைத் தொடவில்லை. அப்பாவின் நாற்காலி காலியாக இருந்தது. அதில் போய் உட்கார்ந்தார். புருஷனின் அண்ணன் உட்காரும் நாற்காலி, அப்பா நின்றுகொண்டிருக்கிறார், அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறார், கதவில் பாதி மாடி கூடியிருக்கிறது.

"கட்டினது நீங்க" என்றார் சித்தி. "நீங்களே பிரிங்க."

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து, எல்லார் முன்னிலையிலும் மண்டியிட்டு, சித்தப்பா பூட்டைத் திறந்தார்.